தலைகீழாய் நின்ற ஐந்தாம் குழாய்

அம்போன்
14 பிப்ரவரி 1993

தெதே நெந்தெனுக்கு,

உங்களை இன்னும் ‘தெதே’ என்று அக்கா முறை சொல்லி அழைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். எட்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன். ‘காங்’ என்று நான் அண்ணன் முறை சொல்லும் உங்கள் வீட்டுக்காரர் விரா காலமானபோதுகூடத் தந்தியோடு நிறுத்திக்கொண்டவன். இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது என்று நினைப்பீர்கள். இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. மின்ச்சேயும் பிள்ளைகளும் நலம். இத்துடன் தனிப் பொட்டலத்தில் புகை போட்ட சூரை மீன் அனுப்பியிருக்கிறாள். பாண்டுங்கில் இது கிடைக்காது என்று அவளுக்கு எண்ணம்.

இனி காரணம். 1978-இல் பண்டா கடலில் நாங்கள் எடுத்த எட்டுக் குழாய்ச் சேறு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நீளக் குழாயை மீட்டருக்கு ஒன்றாக அறுத்தது. ஒன்றாம் குழாய் கடல் தரையின் மேல்பக்கம், எட்டாவது ஆக அடிப்பக்கம். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை நீங்கள் பாண்டுங் கிடங்கில் வைத்துக்கொண்டீர்கள், மறுபாதி என்னோடு அம்போன் வந்தது. போன வருஷம் முதல் அந்தப் பாதியை மறுபடி சலித்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. இங்கே மழைக்காலத்தில் வேறு வேலை இல்லை.

ரோஜா நிற ஃபோராம் ஓடு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மணல்மணியில் பாதி அளவுகூட இல்லாத அந்தக் கடலுயிர், நம் பக்கத்துக் கடல்களில் இன்று வெள்ளை ஓட்டோடு மட்டும்தான் வாழ்கிறது. ரோஜா நிறத்தது ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதாயிரம் வருஷத்துக்கு முன் இங்கே அழிந்துவிட்டது. ஆகவே சேற்றில் மேலே வெள்ளை மட்டும் இருக்கும். ஓர் ஆழத்துக்குக் கீழே போனால்தான் ரோஜா தொடங்கும். தொடங்கினால் கீழே கீழே இருந்துகொண்டே இருக்கும். செத்தது திரும்பப் பிறந்து மறுபடி சாகாது.

என் கணக்கு இது. ஒன்று முதல் நான்காம் குழாய் வரை ஒரு ரோஜாகூட இல்லை. ஐந்தாம் குழாயில் மேல் இருபது சென்டிமீட்டரில் ரோஜா. அதற்குக் கீழே எண்பது சென்டிமீட்டருக்கு ஒன்றுகூட இல்லை. ஆறாம் குழாயின் உச்சியிலிருந்து மறுபடி ரோஜா.

தெதே, ஐந்தாம் குழாய் தலைகீழாக இருக்கிறது.

இதைச் சொல்ல மூன்று தாள் கிழித்தேன். காங் விராவின் 1982 கட்டுரை முழுக்க அந்த ஒரு குழாயின்மேல்தான் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். பண்டா கடல் முந்நூறு வருஷத்துக்குள் திடீரென்று குளிர்ந்தது என்று அவர் எழுதியது. குழாயைத் திருப்பிப் போட்டால் அந்தத் திடீர் குளிர் இல்லை. மெல்ல மெல்ல மாறிய சாதாரணக் கடல்தான் இருக்கிறது.

யாரையும் குறை சொல்லவில்லை. யோசித்து எழுதுங்கள்.

வெலெம் சாஹுலேகா


பாண்டுங்
2 மார்ச் 1993

வெலெம்,

உன் மீன் வந்து சேர்ந்தது. நோன்பு மாதம், பட்டப்பகல், எண்ணெய் ஒழுகிக்கொண்டு, எறும்பு மொய்த்துக்கொண்டு. தபால்காரர் அதை ஒரு கழியில் தொங்கவிட்டுத் தூக்கி வந்தார். “அம்மா, இது உங்களுக்கா, இல்ல உங்க பூனைக்கா?” என்று கேட்டார். அலுவலகம் முழுவதும் பசியோடு உட்கார்ந்திருந்தது. அன்று மாலை நோன்பு திறக்கும்வரை என்னோடு யாரும் பேசவில்லை. மின்ச்சேயிடம் நன்றி சொல். மீன் நன்றாகத்தான் இருந்தது.

உன் கடிதம் நன்றாக இல்லை.

அவர் போய் இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. உயிரோடு இருந்த பதின்மூன்று வருஷம் இந்தக் குழாய் உன் கண்ணில் படவில்லையா? பதில் சொல்ல ஆள் இல்லாதபோதுதான் பட்டதா? ஆகஸ்டில் இங்கே சேற்றுக் கிடங்குக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். இயக்குநர் எஃபெந்தி பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார். எழுத்து பொன்னிறமா வெள்ளியா என்று என்னையே கேட்டார். அது உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? எதுவானாலும் உன் நேரம் பார்க்கும் திறமையை மெச்ச வேண்டும்.

உன் சல்லடையைக் கழுவு. அதுதான் என் பதில். ஆறாம் குழாய் மண்ணைச் சலித்துவிட்டு அதே சல்லடையில் ஐந்தாவதைப் போட்டிருப்பாய். உன்னோடு ஏழு வருஷம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் நான். உன் மேசையில் காப்பிக் கோப்பையும் மாதிரிச் சீசாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதை எதில் கலக்கினாய் என்று உனக்கே தெரியாது.

பிறகு, யாரையும் குறை சொல்லவில்லை என்று எழுதாதே. கையில் கத்தியை வைத்துக்கொண்டு காய் நறுக்கவில்லை என்று சொல்வது போல இருக்கிறது.

நெந்தென்


அம்போன்
21 மார்ச் 1993

தெதே,

கழுவினேன்.

கழுவியது மட்டுமில்லை. ஒவ்வொரு தடவையும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுத்தேன். முந்தின மண்ணின் ஓடு கண்ணியில் ஒட்டியிருந்தால் நீலமாய்த் தெரியும். இது நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான், மறந்துவிட்டீர்கள். ஐந்தாம் குழாயை அடியிலிருந்து மேல்வரை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக மறுபடி எடுத்தேன். என் விரல், என் சட்டை, சமையலறைத் தொட்டி எல்லாம் நீலம். மின்ச்சே ஒரு வாரமாக என்னை ‘ஆக்டோபஸ்’ என்கிறாள். நீல ஓடு மொத்தம் மூன்று கிடைத்தது. தூக்கி எறிந்துவிட்டேன்.

மேல் இருபது சென்டிமீட்டரில் முந்நூறு ஓடு எண்ணினால் நாற்பது ரோஜா. இருபதுக்குக் கீழே சுழியம். அழுக்குச் சல்லடை இவ்வளவு ஒழுங்காகக் கோடு கிழிக்குமா?

இன்னொன்று. காங் விராவின் படத்தை எடுத்துப் பாருங்கள். கடல் சூடாவதும் குளிர்வதும் சரியாக எங்கே? நாலு மீட்டர். பிறகு அஞ்சு மீட்டர். அந்த இரண்டு இடத்திலும்தான் கப்பலில் நாங்கள் ரம்பம் வைத்து அறுத்தோம். ஒரு லட்சம் வருஷத்துக்கு முன் இருந்த கடல், பின்னால் இப்படி ஒரு ரம்பம் வரும் என்று தெரிந்து, மரியாதையாக அந்த இடத்திலேயே மாறிக்கொடுத்தது போலிருக்கிறது!

கோபப்படாதீர்கள். உங்கள் கிடங்கில் மறுபாதி இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். ஐந்தாம் குழாயில் ஒரு சாம்பல் அடுக்கு உண்டு, இரண்டு விரல் கனம். எரிமலைச் சாம்பல் கடலில் விழுந்தால் பெரிய மணி முதலில் இறங்கும், தூள் கடைசியில் படியும். என் பாதியில் மாதிரி எடுத்து எடுத்து அந்த இடம் தூர்ந்துபோய்விட்டது. உங்களுடையது யாரும் தொடாதது. ஐந்து நிமிட வேலை.

வெலெம்


பாண்டுங்
9 ஏப்ரல் 1993

வெலெம்,

திறக்க மாட்டேன்.

சாவி கிடங்குக் காவலர் மாங் ஊச்சாவிடம் இருக்கிறது. அவருக்குக் கால் வீக்கம். மேலும் பொதுத் தேவைக்காகப் பாதுகாக்கும் பாதியை நினைத்தபோதெல்லாம் திறக்க விதி இடம் கொடுக்காது. மேலும் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்தக் கட்டுரைக்காக முப்பத்தோராயிரம் ஓடு எண்ணியவள் நான். ஈரத் தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டம் போட்ட தட்டில் வைத்தவள். இரண்டு வருஷம். அதன் பிறகுதான் எனக்குக் கண்ணாடி வந்தது. என் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டுவிட்டது என்கிறாய்.

இன்னும் எழுத நினைத்தேன். வேண்டாம்.

இதைப் பற்றி இனி எழுதாதே.

நெந்தென்


அம்போன்
30 ஏப்ரல் 1993

தெதே,

எழுதாதே என்றீர்கள். ஈஸ்டர் முடியட்டும், கோபம் ஆறட்டும் என்று பொறுத்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் 1985-இல் சொல்லாமல் கொள்ளாமல் அம்போனுக்கு ஓடினேன் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஓடவில்லை, அனுப்பப்பட்டேன். நாலு மீட்டர், அஞ்சு மீட்டர் சமாசாரத்தை நான் அன்றே காங் விராவிடம் கேட்டேன். ரோஜா எல்லாம் அப்போது தெரியாது. படத்தைக் காட்டி, “காங், ரெண்டு மாத்தமும் வெட்டுன எடத்துலயே வருதே, ஒரு தடவ பாத்துரலாமா?” என்றேன். அவ்வளவுதான். நடைபாதையில், டைப்பிஸ்டுகள் முன்னால் கத்தினார்: “கப்பல்ல கயிறு இழுக்க வந்தவன் எனக்குப் பாடம் நடத்துறியா? ஒனக்கு இந்த ஊரு ஒத்துக்கல, ஒங்க ஊருக்கே போ!” அடுத்த மாதம் மாற்றல் உத்தரவு. நீங்கள் அப்போது உள்ளேதான் இருந்தீர்கள். கதவு திறந்திருந்தது.

அவருக்கு எப்போதும் அவசரம். டெக்கில் அவசரம், அறுப்பதில் அவசரம், எழுதுவதில் அவசரம். அந்த அவசரத்தில் ஒரு குழாய் திரும்பிவிட்டது. பெரிய மனிதர், ஆனால் மனிதர்தானே. அதைச் சொன்னால் ஏன் உங்களுக்கு இத்தனை வலி? அந்தக் கட்டுரையில் உங்கள் பெயர் ஒரு மூலையில்கூடக் கிடையாது.

சும்மா கிடந்த சங்கை ஊதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நவம்பரில் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் வருகிறது. எங்கே வருகிறது தெரியுமா? அதே இடம். அவர்களுடைய திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே காங் விராவின் திடீர் குளிர்தான் இருக்கிறது. நாற்பது பேர், பத்து நாள், இல்லாத ஒன்றைத் தேடி. குழாய் இறக்கிப் பார்த்தால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு அவர்கள் எழுதுவார்கள்: இந்தோனேசியர்களுக்கு மேல் எது கீழ் எது தெரியவில்லை என்று. அதற்கு முன்னால் நாமே எழுதிவிடலாம் என்கிறேன். இதில் தப்பு என்ன?

உங்களுக்குப் பலகையில் பொன் எழுத்து முக்கியம் என்றால் நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

வெலெம்


பாண்டுங்
22 மே 1993

வெலெம்,

திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாங் ஊச்சாவைக் கூட்டிக்கொண்டு குளிர்கிடங்குக்குள் போனேன். மனிதர் வழியெல்லாம் புலம்பல். “எஃபெந்தி ஐயாவுக்குத் தெரியுமா? கையெழுத்து வாங்கிட்டீங்களா? எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் சர்வீசு.” குழாயை மேசையில் வைத்து மேலுறையைப் பிரித்தோம். பதினைந்து வருஷத்துச் சேறு. விளிம்பில் வெடிப்பு, நடுவில் இன்னும் பச்சைச் சாம்பல் நிறம். அந்த அடுக்கு அறுபத்திரண்டாவது சென்டிமீட்டரில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன். பெரிய மணி மேலே. தூள் கீழே.

“என்னம்மா?” என்றார் மாங் ஊச்சா.

“மாங், சாப்பாட்டுத் தட்டக் கவுத்து வெச்சா குழம்பு மேல நிக்குமா?”

“நிக்காது.”

“இது நிக்குது.”

அவர் குனிந்து பார்த்தார். “அப்ப தட்டத் திருப்பி வையுங்க” என்றார். அவ்வளவு சுலபமாக.

ஆகவே நீ சொன்னது சரி. சந்தோஷப்படு. ஐந்தாம் குழாய் தலைகீழ்தான். இரண்டாகப் பிளப்பதற்கு முன்பே திரும்பியிருக்கிறது, இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருப்பதால்.

ஆனால் உன் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். அவருடைய அவசரம். அதனால் வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்து அவருடைய கப்பல் குறிப்பேட்டை எடுத்தேன். அவர் போனபின் முதல் தடவையாக. 1978 செப்டம்பர் 11. அவர் எழுத்திலேயே பார்த்து எழுதுகிறேன், ஒரு சொல் மாற்றவில்லை:

‘பிற்பகல் 1.40. கன மழை. ஐந்தாம் குழாய் டெக்கில் விழுந்து உருண்டது. இரண்டு மூடியும் கழன்றன. ஒட்டியிருந்த சீட்டு மழையில் அழிந்தது. வெலெம் திரும்ப மூடிக் கொண்டுவந்தான். சிவப்பு மூடி மேல்பக்கம்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றான். சந்தேகம் இருந்தால் சொல்லக்கூடியவன்.’

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படி.

இப்போது நீ சொல். யாருடைய அவசரம்?

நெந்தென்


பாண்டுங்
25 ஜூன் 1993

வெலெம்,

ஒரு மாதம் ஆயிற்று. நீ இருக்கிறாயா? தபால் தொலைந்ததா, இல்லை நீ தொலைந்தாயா?

கத்தவாவது செய். எட்டு வருஷம் பேசாமல் இருந்தவன், பேசத் தொடங்கினால் நிறுத்தாதவன், இப்போது மறுபடி வாயை மூடிக்கொண்டால் நான் யாரோடு சண்டை போடுவது? இங்கே எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். விதவை என்று. சகிக்கவில்லை.

நெந்தென்


அம்போன்
19 ஜூலை 1993

தெதே நெந்தெனுக்கு,

இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மின்ச்சே பபேடாக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டாள். “யாரு செத்தா?” என்றாள். யாரும் இல்லை என்றேன். பதினைந்து வருஷம் நான் நினைத்தே பார்க்காத ஒரு பகல் திரும்பி வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நினைத்துப் பார்க்கவில்லை என்பதும் பொய். நினைவு வரும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காங் விராவின் அவசரம், காங் விராவின் அவசரம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. உங்களுக்கு எழுதியபோது வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் மோசம்.

நடந்தது இது. இரண்டு நாள் தூக்கம் இல்லை. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது, தோளில் இருந்த குழாய் நழுவி விழுந்தது. உருண்டு போய்க் கம்பித் தூணில் முட்டி நின்றது. ஓடிப்போய்ப் பிடித்தேன். சேறு கொட்டவில்லை. ஆனால் சிவப்பு மூடி ஒரு பக்கம் கிடக்கிறது, கறுப்பு மூடி ஒரு பக்கம் கிடக்கிறது. குழாயின் இரண்டு வாயும் ஒன்று போலவே இருக்கிறது. மழை கண்ணில் அடிக்கிறது. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை தெதே. ஒரு பக்கத்தில் சிவப்பை அழுத்தினேன். நாணயம் சுண்டியது போல.

உள்ளே காங் விரா. “சிவப்பு மேலதான?” என்றார்.

“ஆமா காங்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். “நல்லவேள, நீ இருந்த” என்றார். இதை அவர் குறிப்பேட்டில் எழுதவில்லை போலிருக்கிறது.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றே சாம்பலைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார். ஐந்து நிமிட வேலை என்று உங்களுக்கு நான் எழுதினேனே, அதே ஐந்து நிமிடம். எனக்கு இருபத்தாறு வயது. தீவிலிருந்து வந்தவன் எதையும் தவறவிடுவான் என்று மற்றவர்கள் சொல்வார்களே என்று பயம். 85-இல் அவரிடம் போய் ‘ஒரு தடவ பாத்துரலாமா’ என்று கேட்டேனே, அப்போதாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பிழை அவருடையதாக இருக்கட்டும் என்று பார்த்தேன். அவர் கத்தியதும் எனக்கு வசதியாகப் போயிற்று. கோபப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கவேண்டியவர் இல்லை. உங்களிடம் கேட்பது சரியா என்றும் தெரியவில்லை.

வெலெம்


பாண்டுங்
27 ஜூலை 1993

வெலெம்,

படித்தேன். இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அடுப்படியில், பேருந்தில். பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வேறு இடம் போய்விட்டாள். குழாயை மூடத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை! அந்த மனிதர் சாகும்வரை உன்னை நினைத்துக்கொண்டிருந்தார், தெரியுமா? மருத்துவமனையில்கூட, “வெலெம் எழுதினானா?” என்று கேட்டார். நீ ஒரு தந்தி அனுப்பினாய். அதுவும் பிறகு.

இனி எழுதப்போவதை ஏப்ரலிலேயே எழுத உட்கார்ந்தேன். ‘வேண்டாம்’ என்று நிறுத்தியது இதைத்தான்.

ரோஜாவை நான் 1980-இலேயே பார்த்தேன்.

எண்ணும்போது பார்க்காமல் இருக்க முடியுமா? வெள்ளைத் தட்டில் ரோஜா. என் எண்ணும் நோட்டில் ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாகக் குறித்துவைத்திருக்கிறேன். ஐந்தாம் குழாய் உச்சியில் புள்ளிகள், பிறகு எட்டுப் பக்கம் புள்ளியே இல்லை, பிறகு ஆறில் மறுபடி புள்ளிகள். நீ ஒரு வருஷம் நீலச் சாயத்தில் குளித்துக் கண்டுபிடித்தது என் அலமாரியில் பதின்மூன்று வருஷமாகக் கிடக்கிறது.

அவரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. “ரோசாவோ வெள்ளையோ, பேரு ஒண்ணுதானே நெந்தென்? சேத்தே எண்ணு.” சேர்த்தே எண்ணினேன். அப்போது அந்த ரோஜாவின் வயது எனக்கும் தெரியாது. தெரிந்தது 83-இல், ஒரு பத்திரிகையில் படித்தபோது. படித்த அன்றே நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றே புரிந்துவிட்டது.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவரைக் காப்பாற்ற என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது இல்லை. கட்டுரை வந்தபோது என் பெயரைத் தேடினேன். நன்றிப் பகுதியில் டீசல் கொடுத்த துறைமுக அதிகாரி பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “நீ வேற நான் வேறயா?” என்றார். சரி, அப்படியானால் பிழையும் உனக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். என் பெயர் இல்லாத காகிதத்துக்காக நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? ஒவ்வொரு வருஷமும் யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அவர் வீட்டுக்கு வந்து சொல்வார். நான் தேநீர் ஊற்றிக்கொடுத்தேன். எட்டு வருஷம். அந்த நடைபாதையில் அவர் உன்னைப் பார்த்துக் கத்தியபோது, ஆமாம், கதவு திறந்திருந்தது. உள்ளே நோட்டு என் இழுப்பறையில் இருந்தது. நான் எழுந்து வரவில்லை.

அவர் போன பிறகு சொல்ல முடியாமல் போயிற்று. உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபம் உன்மேல் இல்லை.

போகட்டும். எஃபெந்தியிடம் நேற்றுச் சொன்னேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்தார். “பெயர் சூட்டு விழா முடியட்டுமே, அம்மா. செப்டம்பர்ல நிதானமா பேசலாம். கடல் எங்கயும் ஓடிப் போகாது.” எல்லோரும் இப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தோம், இல்லையா?

நெந்தென்


அம்போன்
6 ஆகஸ்ட் 1993

தெதே,

அவசரமாக எழுதுகிறேன், நாளை விமானத் தபாலில் போக வேண்டும். விழாவில் எதுவும் சொல்லாதீர்கள். இத்துடன் திருத்தக் கட்டுரை அனுப்பியிருக்கிறேன். மூன்று பக்கம்தான். தப்பு முழுவதும் என்னுடையது என்று இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாருக்கும் தெரியவேண்டியதில்லை. என் பெயர் மட்டும் போகட்டும். அம்போனைவிடத் தூரமான இடம் கிடையாது, இனி என்னை எங்கேயும் மாற்றவும் முடியாது.

வெலெம்


பாண்டுங்
20 ஆகஸ்ட் 1993

வெலெம்,

உன் கட்டுரை வந்தது. இரண்டாவது பத்தி நாடகமாக இருக்கிறது. ‘என் இளமையின் கோழைத்தனத்தால்’ என்று எந்த அறிவியல் பத்திரிகை அச்சடிக்கும்? அடித்துவிட்டேன். ‘டெக்கில் குழாய் விழுந்தபின் மேல்பக்கம் சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதினேன். அது போதும். மூன்றாவது பக்கத்தில் என் நோட்டின் எண்களைச் சேர்த்திருக்கிறேன், தேதியோடு. உன் எண்ணிக்கையும் என்னுடையதும் முந்நூறுக்கு ஐந்துகூட வித்தியாசம் இல்லை. உன் சல்லடையைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். காப்பிக் கோப்பையைப் பற்றிச் சொன்னதை இல்லை.

விழா நேற்று. மஞ்சள் சோறு, மாலை, அமைச்சகத்திலிருந்து இருவர். எஃபெந்தி இருபது நிமிடம் பேசினார், திடீர் குளிரைப் பற்றியே பதினைந்து. பிறகு என்னைக் கூப்பிட்டார். கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுக்காரர் எழுதுனதுல அந்தப் பெரிய விஷயம் தப்பு” என்றேன். “குழாய் ஒண்ணு தலைகீழா இருந்துச்சு. எனக்குப் பத்து வருஷமா தெரியும். நான் சொல்லல.”

எஃபெந்தி கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் மேடைவரை கேட்டது. அமைச்சகத்துக்காரரில் ஒருவர், “அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க” என்றார். “இல்லைங்க, எண்ணிப் பாத்துட்டேன்” என்றேன். மாங் ஊச்சா பின்வரிசையிலிருந்து, “சாம்பல நானும் பாத்தேன்!” என்று கத்தினார். பாவம், அவருடைய இரண்டு வருஷ சர்வீசு.

பலகையை எடுத்துவிடலாமா என்று மாலையில் எஃபெந்தி கேட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சேற்றையெல்லாம் நனையாமல், காயாமல் பதின்மூன்று வருஷம் காப்பாற்றிவைத்தவர் அவர். மறுபாதியை யாரும் தொடக்கூடாது என்று விதி போட்டவரும் அவரே. அந்த விதி இல்லாவிட்டால் நமக்கு இன்று சாம்பலே இருந்திருக்காது. கிடங்குக்கு அவர் பெயர் பொருத்தம்தான். கட்டுரைக்குத்தான் இல்லை.

இரவு வீட்டுக்கு வந்து அழுதேன். இதை நீ யாரிடமும் சொல்லவேண்டாம்.

பெயர்கள்: உன்னுடையது முதலில், என்னுடையது இரண்டாவது. ‘திருமதி விராடிநாத்தா’ என்று போட்டுவைத்திருக்கிறாய். அதை அடி. நெந்தென் சுகாயெசி. என் அப்பா வைத்த பெயர், இதுவரை எந்தக் காகிதத்திலும் அச்சில் வராதது.

கப்பல்காரர்களுக்குப் போன வாரமே தகவல் அனுப்பிவிட்டேன். ‘வர வேண்டியது இன்னும் அவசியமாகிவிட்டது’ என்று பதில் போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து சேறு தெரிந்த ஒருவர் வேண்டுமாம். எஃபெந்தி யாரோ ஒரு புதுப் பட்டதாரியைச் சொன்னார். 78-இல் என்னைக் கப்பலில் ஏற்றமாட்டோம், பெண் என்றார்கள். இப்போது ஐம்பத்திரண்டு வயது, மூட்டு வலி. இனி என்ன சொல்வார்கள் பார்க்கலாம் என்று என் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நெந்தென்


பண்டா கடல், கப்பலிலிருந்து
17 நவம்பர் 1993

வெலெம்,

இந்தக் கடிதத்தை அம்போனில் இறங்கித்தான் தபாலில் போட முடியும். உனக்கு வருவதற்கு முன் நானே உன் வீட்டுத் தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருப்பேன். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் உன்னைத் திட்டத்தான் வரும்.

நாலு நாள் வாந்தி. எலுமிச்சையை மோந்து மோந்து மூக்கு புண். நீ இந்த டெக்கில் இரண்டு நாள் தூங்காமல் நின்றாய் என்பதை இப்போதுதான் நம்புகிறேன். நேற்று மதியம் குழாயை ஏற்றினார்கள். நான் மழைக்கோட்டோடு நின்று ஒவ்வொரு துண்டிலும் நாலு பக்கமும் அம்புக்குறி போட்டேன். கப்பல் தலைவர் சிரித்தார். “அம்மா, ஒண்ணு போதுமே?” “போதாது” என்றேன். இரண்டு மூடியிலும் போட்டேன்.

ஐந்தாம் துண்டின் இரண்டு முனையிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். மேல்முனையில் வெள்ளை மட்டும். அடிமுனையில் ரோஜா. அந்த வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் கை குலுக்கினார். எனக்கு வெற்றி பெற்றது போல் எதுவும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் முதலில் கோபப்பட்டிருப்பார், பிறகு என்னைத் தள்ளிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றியது.

சொல்ல வந்தது அது இல்லை.

இன்று காலை கடல் தட்டையாக இருந்தது. கப்பல் பிள்ளைகள் மெல்லிய வலையை மேல்நீரில் இழுத்தார்கள். ஒரு சீசா நீரை எனக்குக் கொடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். வெலெம், உயிரோடு இருந்தது. நம்முடைய அதே வெள்ளை. ஆனால் வெள்ளையாகவே இல்லை. ஓட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊசிகள், கண்ணாடி இழை போல, ஓட்டைவிட நாலு பங்கு நீளம். அந்த ஊசிகளின்மேல் பொன் பொடி மாதிரி என்னவோ பாசித் துகள்கள் வெளிச்சத்துக்கு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. விளக்கைக் குறைத்தேன். மெல்ல உள்ளே இறங்கின, மாடு தொழுவத்துக்குத் திரும்புவது போல. கூட்டினேன், மறுபடி வெளியே வந்தன. ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

சாகும்போது அந்த ஊசிகளை எல்லாம் உதிர்த்துவிடுமாம். புத்தகத்தில் படித்திருக்கிறேன், படமும் பார்த்திருக்கிறேன். நீ ஆறு தடவை கடலுக்குப் போனவன். ஒரு தடவையாவது, ‘தெதே, உயிரோடு இருந்தால் இப்படி இருக்கும்’ என்று வந்து சொல்லியிருக்கக்கூடாதா? முப்பது வருஷம் மொட்டைத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பக்கத்தில் இருந்த பெண், மாதிரியைச் சாராயத்தில் போட்டு வைக்கலாமா, எண்ணிக்கைக்கு ஆகும் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சீசாவை எடுத்துக்கொண்டு டெக்குக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக் குனிந்து திரும்பக் கடலிலேயே ஊற்றிவிட்டேன்.

நெந்தென் சுகாயெசி